தெமோதரை லயத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி

இலங்கை மலைநாட்டிலுள்ள தெமோதரை ரயில் நிலையத்தின் நடைமேடைக்கு நேர் கீழே ஒரு சுரங்கம் இருக்கிறது. எல்ல பக்கமிருந்து வரும் வண்டி நிலையத்தில் நின்று கிளம்பி, மலையைச் சுற்றி இறங்கி, சற்று நேரத்தில் நாம் நிற்கும் தரைக்கு அடியிலேயே புகுந்து பதுளைப் பக்கம் போய்விடுகிறது. மேலே நின்று வழியனுப்பிய வண்டியின் சத்தம் மறுபடி காலுக்குக் கீழே கேட்கும். 44 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் பாதை ஏறவோ இறங்கவோ கூடாது என்பது மலைநாட்டுப் பாதை போட்டவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. தெமோதரையில் மலை அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. அதனால் பாதையையே ஒரு வளையமாகச் சுற்றி, தன்னைத் தானே கடக்க வைத்துவிட்டார்கள். 1924 ஏப்ரலில் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது.

இந்த வளையத்துக்கு ஊரில் ஒரு கதை உண்டு. பொறியாளர் விமலசுரேந்திரா வழி தெரியாமல் திகைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தாராம். அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, கதையில் கங்காணிக்குப் பெயர் இல்லை. பொறியாளருக்கு இருக்கிறது. மலைநாட்டில் சொல்லப்படும் எத்தனையோ கதைகள் இப்படித்தான் இருக்கின்றன. நான் தேடி வந்த விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது பிறகுதான் புரிந்தது.

சின்னத்திரையில் சமைப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. நம் வீட்டுக் கூடத்தில் நுழைந்து, நம் அம்மாக்களிடம் பேசி, நம் கரண்டியின் அளவையே மாற்றிவிட்டுப் போனவர்கள் அவர்கள். சினிமா நடிகர்களைப் பற்றி எழுதிக் குவித்த நாம் இவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. இந்தப் பயணத்தைக் கண்டியில் தொடங்கியதற்குக் காரணம் ஓர் அமெரிக்கப் பெண்மணி. பெயர் ஜூலியா சைல்ட். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் சமைப்பவர்கள் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய வாழ்க்கை திசை மாறிய இடம் இலங்கையின் தேயிலை மலை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப்போர் நடந்த 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவே அதற்கு இடமானது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நடக்கும் மர நிழலில் அன்று ராணுவ அதிகாரிகள் நடந்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்க உளவு நிறுவனமான ஓ.எஸ்.எஸ். கண்டிக்கு வெளியே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முகாம் போட்டது. கிடுகு வேய்ந்த குடில்களில் அலுவலகம் நடந்தது. அங்கே கோப்புகளைப் பதிந்து, அடுக்கி, தேடி எடுத்துத் தரும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் 31 வயது ஜூலியா மெக்வில்லியம்ஸ். ஆறடி இரண்டு அங்குலம் உயரம். கலிபோர்னியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அடுப்பில் எதையும் ஒழுங்காகச் சமைக்கத் தெரியாதவர்.

அந்த முகாமில்தான் பால் சைல்டைச் சந்தித்தார். பால் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ராணுவத்துக்கு வரைபடங்களும் காட்சிப் பலகைகளும் தயாரித்துக் கொடுக்கும் கலைஞர். பிரான்சில் வாழ்ந்தவர், சாப்பாட்டின் அருமை தெரிந்தவர். இருவரும் பிறகு சீனாவுக்கு மாற்றலாகிப் போனார்கள். அங்கேதான் ஜூலியாவுக்கு நாக்கு விழித்தது. போர் முடிந்து 1946இல் திருமணம். 1948இல் பாலுக்குப் பாரிசில் வேலை. கப்பலில் வந்திறங்கிப் பாரிசுக்குப் போகும் வழியில் ரூவான் நகரத்து உணவகம் ஒன்றில் வெண்ணெயில் பொரித்த மீனைச் சாப்பிட்டார். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

37 வயதில் பாரிசின் கோர்டன் ப்ளூ சமையல் பள்ளியில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள். பிறகு இரண்டு பிரெஞ்சுத் தோழிகளோடு சேர்ந்து ஒரு சமையல் புத்தகம் எழுதத் தொடங்கினார். அதற்குப் பத்தாண்டுக்கு அருகில் ஆனது. முதலில் ஒப்புக்கொண்ட பதிப்பகம் பிறகு வேண்டாம் என்று தள்ளியது. 1961இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டபோது அது 700 பக்கத்தைத் தாண்டிய புத்தகம். ஏன் அத்தனை காலம் என்றால், ஒவ்வொரு பதார்த்தத்தையும் அமெரிக்க மாவில், அமெரிக்க அடுப்பில், அமெரிக்கக் கடையில் கிடைக்கும் வெண்ணெயில் மறுபடி மறுபடி செய்து பார்த்து, அளவு சரியாக வரும்வரை விடமாட்டார். ‘போதுமான அளவு உப்பு’ என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. புதிதாக அடுப்பைப் பற்றவைக்கும் ஒருத்திக்கு அந்த வரியால் என்ன பயன் என்று கவலைப்பட்டவர். தமிழில் நமக்கு அப்படிக் கவலைப்பட்டவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1951இல் வந்த ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைக் கல்யாணச் சீரோடு சேர்த்துக் கொடுத்த வீடுகள் உண்டு. தாய்வீட்டிலிருந்து தூரம் போகும் பெண்ணுக்கு அம்மாவின் கைப்பக்குவத்தைக் காகிதத்தில் அளந்து கொடுத்த காரியம் அது.

புத்தகம் வந்த கையோடு பாஸ்டன் நகரத்தின் கல்வித் தொலைக்காட்சியில் ஒரு நூல் அறிமுக நிகழ்ச்சிக்கு ஜூலியாவைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் போல உட்கார்ந்து பேசவில்லை. ஒரு மின்னடுப்பு, வாணலி, முட்டைகளோடு போய் அங்கேயே ஆம்லெட் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் இன்னும் வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். 1963 பிப்ரவரியில் ‘தி பிரெஞ்ச் செஃப்’ ஒளிபரப்பானது. அப்போது அவருக்கு 50 வயது. திரையில் ஒரு பெண்ணின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் கருதும் வயதில் அவர் தொடங்கினார்.

ஒரு நிகழ்ச்சியில் உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடும்போது பாதி அடுப்பு மேடையில் சிதறிவிட்டது. நிறுத்தி மறுபடி எடுக்கவில்லை. கையால் அள்ளி வாணலியில் ஒட்டவைத்தார். துணிந்து திருப்பாததுதான் பிசகு என்று சொன்னார், சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் தைரியம் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்குச் சமையல் பயம் தெளிந்த இடம் அது. கேமராவுக்குப் பின்னால் நின்ற கணவர் பால், பாத்திரம் கழுவினார், சாமான் சுமந்தார், அடுத்துச் சொல்ல வேண்டியதை அட்டையில் எழுதிப் பிடித்தார். 2004இல் 92ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஜூலியா இறந்தார். அவருடைய சமையலறையை, சுவரில் மாட்டிய வாணலிகளோடு அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் அமெரிக்க தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கண்டியில் அவர் தங்கியிருந்த குயின்ஸ் ஹோட்டல் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிறது. அதன் வாசலில் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சமைக்கவே தெரியாத ஒரு பதிவறைப் பொறுப்பாளர் கேட்டு, செய்து, அளந்து, எழுதி இந்த உயரத்துக்கு வர முடிந்திருக்கிறது. அப்படியானால் பிறந்ததிலிருந்து சமைத்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு என்ன குறை?

பேராதனைச் சந்தியில் பதுளை வண்டி பிடித்தேன். கம்பளை, நாவலப்பிட்டி, அட்டன், நானுஓயா என்று வண்டி மூச்சு வாங்கி ஏறுகிறது. பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டியதும் மறுபக்கம் ஊவா மாகாணம் திறக்கிறது. பனி விலகி, காய்ந்த புல்வெளியும் தூரத்தில் மடிப்பு மடிப்பாக நீலமலைகளும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் வீசும் வறண்ட கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசத்தைக் கொடுக்கிறது. வண்டியில் கூடைக்காரர்கள் ஏறி இறங்கினார்கள். இறால் வடையும் காய்ந்த மிளகாய் போட்ட கடலையும் பள்ளிக்கூட நோட்டுத்தாளில் மடித்துத் தந்தார்கள். அப்புத்தளை, பண்டாரவளை தாண்டி எல்லவில் வெளிநாட்டுக்காரர்கள் மொத்தமாக இறங்கிவிட்டார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தை வண்டி கடந்தபோது பாலத்தின் இரண்டு பக்கமும் தொலைபேசியோடு கூட்டம். அடுத்த நிலையமான தெமோதரையில் என்னோடு இறங்கியவர்கள் சந்தைப் பையும் அரிசிச் சிப்பமும் வைத்திருந்த தோட்டத்துச் சனங்கள் மட்டும்.

என்னைக் கூட்டிப்போக வந்தது கோத்தகிரியில் இருக்கும் என் நண்பருடைய பெரியம்மாவின் பேரன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்தக் குடும்பத்தையும் இரண்டாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளி மனிதர்களைப் பங்கு போட்ட காகிதம் அது. தங்கை கப்பலேறி நீலகிரிக்குப் போனார். அக்காவான பெரியம்மா இங்கேயே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். அவர்களுடைய தாத்தா காலத்து ஊர் புதுக்கோட்டைப் பக்கம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரத்தில் வரிசையாகத் தொலைக்காட்சித் தட்டுகள். முன்திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டினால் காம்பரா என்னும் ஓர் அறை, அதற்குப் பின்னால் குனிந்து நுழையும் அடுப்படி. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியான மிலார் கட்டுக்கட்டாக மூலையில் அடுக்கியிருந்தது. சுவரெல்லாம் புகை படிந்து கறுப்பு. நான் போய் உட்கார்ந்த நேரத்தில் காம்பராவில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் செஃப் தாமு.

“இவரு நம்ம வீட்டு ஆளு மாதிரி தம்பி. ரொம்ப வருசமா வாறாரு” என்றார் பெரியம்மா.

தமிழ்நாட்டில் தாமுவை எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெமோதரை லயத்தில் அவரை உறவாகவே வைத்திருக்கிறார்கள். தாமோதரன் என்ற முழுப்பெயர்கூடப் பேரனுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டல் மேலாண்மையில் முனைவர் பட்டம் வாங்கியவர், தென்னிந்தியச் சமையற்கலைஞர்களின் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். 2010 டிசம்பரில் 24 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் நின்று 617 வகை உணவு சமைத்துக் கின்னஸில் இடம்பிடித்தார். அந்த எண்ணை ஒரு நிமிடம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஒரு பதார்த்தம் இறங்க வேண்டும். ஒரே நேரத்தில் பல அடுப்பு எரிய வேண்டும், எது எந்த நிலையில் இருக்கிறது என்பது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கைவேகம் மட்டும் இருந்தால் முடியாது. பல ஆண்டுப் பழக்கம் உடம்பில் ஊறியிருந்தால்தான் நடக்கும். 2019இல் விஜய் தொலைக்காட்சியின் ‘குக் வித் கோமாளி’ தொடங்கியபோது வெங்கடேஷ் பட்டோடு நடுவராக உட்கார்ந்தார். சமையல் நிகழ்ச்சி என்றால் மதியம் அம்மா மட்டும் பார்ப்பது என்ற நிலை அன்றோடு போனது. பிள்ளைகள் சிரிப்புக்காகப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே தாளிப்பும் கற்றார்கள்.

தாமுவைப் பார்த்தபோது எனக்கு ஜேக்கப் சகாயகுமார் அருணி நினைவு வந்தது. தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்காரர். சன் தொலைக்காட்சியில் ‘ஆஹா என்ன ருசி’ நடத்தியவர். ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களின் அடுப்படியில் நின்று, மறைந்துகொண்டிருந்த கொங்குச் சமையலையும் தெற்கத்திச் சமையலையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஓட்டல் சமையற்கலை படித்த ஒருவர் கிராமத்துக் கிழவியின் முன்னால் மாணவராக உட்கார்ந்தது நம் தொலைக்காட்சியில் பெரிய மாற்றம். அதுவரை நட்சத்திர ஓட்டலிலிருந்து வீட்டுக்குத்தான் சமையல் வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டிலிருந்து ஓட்டலுக்குக் கொண்டுபோனார். 2012 நவம்பரில் 38 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் கடல் தாண்டி இந்த மலைக்கும் வந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேனியில் மலை இருக்கிறது, ஏலத் தோட்டம் இருக்கிறது, தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் விடியும் முன் கட்டும் சோற்று மூட்டை இருக்கிறது. இந்த அடுப்படியைப் பார்த்த உடனே அவருக்குப் புரிந்திருக்கும்.

பெரியம்மா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே மாவு பிசைய உட்கார்ந்தார்.

மலையகத்து ரொட்டியைப் பற்றி நான் படித்திருந்தேன், சாப்பிட்டதில்லை. கோதுமை மாவு, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். அரிசி தட்டுப்பாடான காலங்களில் தோட்டத்துச் சனங்களின் வயிற்றுக்குக் கோதுமை மாவுதான் வந்து சேர்ந்தது. வந்த மாவைத் தங்கள் உழைப்புக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் சுட்டு, துணியில் சுற்றி மலைக்கு எடுத்துப்போனால் பத்து மணித் தேத்தண்ணிக்கு மெதுவாகவே இருக்கும். செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கும் பெண்ணுக்குப் பகல்வரை வயிறு தாங்கும். பசியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த உணவு என்று அதைச் சிலர் குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. பசியைச் சமாளிக்கப் பிறந்த உணவுதான் பிரான்சின் வெங்காய சூப்பும். அதைப் பக்குவமாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்ததால் இன்று பெரிய உணவகங்களில் விலை போட்டு விற்கிறார்கள்.

பெரியம்மாவின் கையை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மாவை அளப்பது பழைய டின்பால் பேணியில். தேங்காயைத் துருவி மாவோடு உலர்வாகவே முதலில் பிசிறினார். தேங்காயின் ஈரம் மாவில் இறங்கிய பிறகுதான் தண்ணீர், அதுவும் கை பொறுக்கும் சூட்டில். உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார், மாவில் நேராகப் போடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்பதற்காக என்றார். பிசைந்த மாவை மூடிவைத்துவிட்டு அம்மியில் சம்பலுக்கு உட்கார்ந்தார். செத்தல் மிளகாயும் உப்பும் முதலில் மசிந்தன. பிறகு மாசிக் கருவாட்டுத் துண்டு, கடைசியில் சின்ன வெங்காயம். வெங்காயத்தை அரைக்கவில்லை, குழவியால் இரண்டு தட்டுத் தட்டி நசுக்கி மட்டும் விட்டார். எலுமிச்சைச் சாறு அம்மியைவிட்டு வழித்த பிறகுதான். அம்மியில் இருக்கும்போதே பிழிந்தால் சாறு கல்லோடு போய்விடும் என்பது அவர் கணக்கு.

ரொட்டியைத் தட்டியது கையால். நடு தடித்து ஓரம் மெலியாமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி அழுத்திச் சுற்றினார். இரும்புத் தட்டு காய்ந்ததும் போட்டு, ஒரு பக்கம் பொட்டுப் பொட்டாகக் கறுத்ததும் திருப்பினார். கடைசியில் தணலை முன்னால் இழுத்துவிட்டு, ரொட்டியை அடுப்பின் விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தினார். தணல் சூட்டில் ஓரமும் வெந்தது. தேயிலை மிலாரின் புகைவாசம் ரொட்டியில் ஏறியது. காஸ் அடுப்பில் இந்த வாசம் வராது. சம்பலைத் தொட்டு முதல் வாய் வைத்தபோது காரம் கண்ணில் நீர் வரவழைத்தது, தேங்காய் அதைத் தணித்தது. சாயத் தேத்தண்ணியைப் பனங்கட்டிக் கடியோடு கொடுத்தார்.

அப்போதுதான் திரையில் தாமு வெங்காயத்தின் பக்குவம் பற்றி ஏதோ சொன்னார். பெரியம்மா அடுப்படியிலிருந்தே தலையை நீட்டி, “சரியா சொல்றாரு, இன்னுங் கொஞ்சம் வதங்கணும்” என்றார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரை ஒப்புக்கொள்ளும் குரல் அது. இத்தனை ஆண்டாகத் தாமு இந்த வீட்டுக்கு வருகிறார். பெரியம்மா தாமுவின் வீட்டுக்கோ வேறு யார் வீட்டுக்கோ திரை வழியாகப் போனதில்லை.

இலங்கையில் தொலைக்காட்சி இல்லாமல் இல்லை. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. தமிழுக்கென்றே சக்தி, வசந்தம் என்று அலைவரிசைகள் வந்தன. லண்டனில் பிறந்து, கொழும்பில் பாட்டியின் சமையலறையைப் பார்த்து வளர்ந்து, ஆஸ்திரேலியாவில் சமையற்கலைஞராகப் பேர் பெற்ற பீட்டர் குருவிட்ட தன் நாட்டைச் சுற்றி வந்து ஒரு தொடரே செய்தார். வெளிநாட்டுச் சமையற்கலைஞர்கள் பலரும் இந்த மலைகளில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் படத்தில் தேயிலைச் செடி பச்சைப் பின்னணியாக இருக்கும். கூடை சுமந்த பெண் அந்தப் பின்னணியில் ஒரு நிறமாகக் கடந்து போவார். அவர் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார் என்று யாராவது கேட்டால் அங்கேயே ஒரு முழு நிகழ்ச்சி கிடைத்துவிடும். தோட்டத்து உணவைப் பற்றி எப்போதாவது வரும் செய்திகளில் ஊட்டக்குறைவும் சம்பளப் போராட்டமும்தான் பேசப்படுகின்றன. அவை பேசப்படத்தான் வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்க 2021வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். ஆனால் ஒரு சமூகத்தின் இல்லாமையை மட்டுமே பேசினால், அதனிடம் இருக்கும் திறமை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

பேரன் தன் தொலைபேசியில் எனக்கு ஒன்றைக் காட்டினான். வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் பெரிய பாத்திரம் வைத்துச் சமைக்கும் யூடியூப் நிகழ்ச்சி. 2021இல் ஒரு கோடிப் பின்தொடர்பவர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அதுதான். “இவங்க நம்ம ஊர்க்காரங்கதான் அண்ணே” என்றான். அவன் புதுக்கோட்டையைப் பார்த்ததில்லை. அங்கே அம்மி இழுக்கும் கையையும் இங்கே பாட்டி அம்மி இழுப்பதையும் பார்த்து அவனே கண்டுகொண்ட உறவு அது. அவர்களிடம் அரங்கமும் இல்லை, ஓட்டல் படிப்பும் இல்லை. வெளிச்சத்துக்குச் சூரியன் போதுமாக இருந்தது. தொலைக்காட்சிச் சமையல்காரர் என்றால் வெள்ளைத் தொப்பியும் கோட்டும் போட்டவர் என்ற கட்டு அவர்களால் அறுந்தது.

“நாளைக்கு நீ பாட்டியைப் படம் பிடி” என்றேன். பெரியம்மா சிரித்துவிட்டார். “ரொட்டி சுடுறத யாரு தம்பி பாப்பா? எல்லா வீட்டுலயும் சுடுறதுதானே” என்றார். ஆம்லெட்டும் எல்லா வீட்டிலும் போடுவதுதான் என்று அவருக்கு ஜூலியாவின் கதையைச் சொன்னேன். கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா, ஐம்பது வயதில் திரைக்கு வந்தவர், அடை சிதறியபோது அள்ளி ஒட்டவைத்தவர் என்றெல்லாம். அடை சிதறிய இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்ல பொம்பள” என்றார்.

நான் நோட்டை எடுத்து அளவு கேட்டேன். ஜூலியாவும் மீனாட்சி அம்மாளும் செய்த அதே வேலை. எத்தனை பேணி மாவுக்கு எவ்வளவு தேங்காய்? பெரியம்மாவால் உடனே சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக் கையை அசைத்துப் பார்த்தார். பிறகு பேணியை எடுத்து, சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு, மறுபடி மாவை அள்ளிக் கொட்டி எனக்காக அளந்து காட்டினார். நான்கு பேணி மாவுக்குத் தேங்காயில் ஒரு முடி. உப்பு மட்டமான ஒரு கரண்டி. தண்ணீர் ஒரு பேணிக்குச் சற்று மேல், தேங்காய் முற்றலாக இருந்தால் இன்னும் கொஞ்சம். கச்சான் அடிக்கும் மாதங்களில் மாவு சீக்கிரம் உலரும், அப்போது ஈரத்துணி போட்டு மூட வேண்டும். எழுதிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அடுத்த காம்பரா அக்கா வாசலில் வந்து நின்றார். நோட்டில் எழுதியதைப் படிக்கச் சொன்னார். ஒரு முடித் தேங்காய் என்றதும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். “நாலு பேணிக்கு ஒரு முடியா? உதிர்ந்து போகாது? அரை முடியே கூடுதல்” என்றார். பெரியம்மா, அரை முடி போட்டால் ரொட்டி மத்தியானத்துக்குள் தோலாகிவிடும், அவர்கள் வீட்டு ரொட்டியை மலையில் பகிர்ந்து தின்றவள் நான், எனக்குத் தெரியாதா என்றார். அந்த அக்கா உள்ளே போய்த் தன் வீட்டுப் பேணியைக் கொண்டுவந்து காட்டினார். அது பெரியம்மாவின் பேணியைவிட விரல்கடை உயரம். இரண்டு பேணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் பார்த்தார்கள். பேரன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துவிட்டான். “அப்ப உங்கட பேணியில அளந்தா எத்தனை?” என்று பெரியம்மா கேட்க, அடுத்த காம்பரா அக்கா மாவு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.